டிஃபெண்டரோடு மால்வேர்பைட்ஸ் பிரீமியம்: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ரியல்-டைம் ஆன்டிவைரஸ் ஓட்டலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸில் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரும், காசு கட்டி வாங்கும் மால்வேர்பைட்ஸ் பிரீமியமும் ஒரே நேரத்தில் ரியல்-டைமாக, அதாவது பின்னணியில் எப்போதும் காவல் காத்தபடி, ஓடும். ஓரிரு செட்டிங்கைச் சரியாக வைத்தால் சண்டையும் வராது. ஆனால் வருடா வருடம் சந்தா கட்டி அப்படி ஓட்டும் அளவுக்குப் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதற்கு வேலை இருக்காது. மற்றபடி, முழு ஆன்டிவைரஸ் பேக்கேஜ் இரண்டை வாங்கி ஒன்றாக ஏற்றுவது, அது எந்த பிராண்டாக இருந்தாலும், வேண்டாம். பாதுகாப்பு கூடுவதற்குப் பதில் குறைய வாய்ப்பு அதிகம்.

வேண்டுமென்றே இரண்டு போடுகிறவர்கள் குறைவு. தானாக அமைந்துவிடுவதுதான் அதிகம். புது லேப்டாப்பில் மெக்காஃபியோ நார்ட்டனோ டிரையலாக ஏற்கெனவே இருக்கும். கடைக்காரர் பில்லோடு சேர்த்து ஒரு ஆன்டிவைரஸ் டப்பாவை விற்று, அதையும் ஏற்றிக் கொடுப்பார். நம் ஊர் என்றால் அது சென்னையின் கே7 ஆகவோ, புனேயின் குவிக் ஹீலாகவோ இருக்கும். பிறகு வீட்டில் யாரோ இலவச அவாஸ்ட்டை இறக்குவார்கள். டிஃபெண்டர் எப்படியும் உள்ளே இருக்கிறது. இப்போது எது காவல் காக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டும் முட்டிக்கொள்வது எங்கே

விண்டோஸில் எந்த புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்தாலும் அந்தக் கோரிக்கை நேராக டிஸ்குக்குப் போகாது. நடுவில், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், ஃபில்டர் மேனேஜர் என்ற பகுதி இருக்கிறது. ஆன்டிவைரஸ், பேக்கப், என்க்ரிப்ஷன் என்று ஃபைல்களைக் கவனிக்க வேண்டிய ஒவ்வொரு மென்பொருளும் தன் மினிஃபில்டர் டிரைவரை அங்கே செருகி வைக்கும். யார் மேலே, யார் கீழே என்பதை 'ஆல்டிட்யூட்' என்ற எண் தீர்மானிக்கும். அதை ஒதுக்குவது மைக்ரோசாஃப்ட். ஆன்டிவைரஸ்களுக்கான வரிசை 320000-ல் தொடங்கி 329998 வரை. டிஃபெண்டரின் டிரைவர் இருப்பது 328010-ல்.

உங்கள் கம்ப்யூட்டரில் அந்த வரிசையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அரை நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, fltmc என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் 32 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்களை மட்டும் கவனியுங்கள். ஒரே நிறுவனத்தின் டிரைவர் இரண்டு மூன்று இருந்தால் கவலை இல்லை, அவாஸ்ட் போன்றவை அப்படித்தான் செய்கின்றன. இரண்டு வேறு நிறுவனங்களின் பெயர்கள் தெரிந்தால்தான் விஷயம் இருக்கிறது. அன்இன்ஸ்டால் செய்ததாக நினைத்த பழைய ஆன்டிவைரஸின் டிரைவர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதையும் பலர் இந்தப் பட்டியலில்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

இரண்டு முழு ஆன்டிவைரஸ்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் பிரவுசர் ஒரு ஜிப் ஃபைலை இறக்கி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே இருப்பதன் டிரைவர் அந்த ஃபைலைப் பிடித்து நிறுத்தி, பின்னணியில் ஓடும் தன் சர்வீஸிடம் பார்க்கச் சொல்லும். சர்வீஸ் பார்க்க வேண்டுமானால் ஃபைலைத் திறக்க வேண்டும். அதுவும் ஒரு திறப்புதானே? கீழே இருப்பதன் டிரைவர் அதையும் நிறுத்தி, தன் சர்வீஸை அனுப்பும். அந்த சர்வீஸ் திறக்கும்போது மறுபடி மேலே இருப்பதைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த சர்வீஸை மட்டும் சோதிக்காமல் விடும். போட்டிக் கம்பெனியின் சர்வீஸ் அதன் கண்ணுக்கு ஏதோ ஒரு அந்நிய புரோகிராம். நல்ல நாளாக இருந்தால் இதெல்லாம் ஒரு நொடித் தாமதத்தோடு முடிந்துவிடும். இல்லாவிட்டால் ஒன்றின் பதிலுக்காக இன்னொன்று காத்து நிற்கும். எக்ஸ்ப்ளோரர் விண்டோ வெளுத்துப்போய் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து நிற்கும்.

அந்த ஜிப்புக்குள் உண்மையிலேயே வைரஸ் இருந்தால் இன்னும் மோசம். ஒன்று அதைக் குவாரண்டைனுக்கு, அதாவது தனிச் சிறைக்கு, தள்ளப் பார்க்கும். அதே நொடியில் மற்றொன்று அந்த ஃபைலைப் பூட்டிவைத்திருக்கும். முதலாவது 'ஆக்சஸ் டினைடு' வாங்கிக்கொண்டு "நீக்க முடியவில்லை" என்று சொல்லும். இரண்டாவது நீக்கப் போகும்போது ஃபைல் பாதி நகர்ந்திருக்கும். திரையின் வலது மூலையில் ஒரே ஃபைலுக்கு மாறி மாறி எச்சரிக்கைகள் வரும். கடைசியில் ஃபைல் போனதா, இருக்கிறதா என்பதை ஃபோல்டரைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நீலத் திரைக்கும் இங்கே ஒரு காரணம் உண்டு. கெர்னலில் ஓடும் ஒவ்வொரு வேலை இழைக்கும் (திரெட்) கிடைக்கும் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடம் 64-பிட் விண்டோஸில் 24 கேபி, 32-பிட்டில் வெறும் 12 கேபி. ஃபில்டர் மேல் ஃபில்டராக ஒன்று இன்னொன்றை அழைத்துக்கொண்டே போனால் அந்த இடம் தீர்ந்து, 'அன்எக்ஸ்பெக்டட் கெர்னல் மோட் டிராப்' என்று கம்ப்யூட்டர் விழும். 4 ஜிபி ரேம் வைத்த பழைய 32-பிட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இது அதிகம் வந்ததற்குக் காரணம் அந்த 12 கேபிதான்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் டிஸ்க் வேலை இரண்டு மடங்காகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுச் சரியல்ல. முதலாவது படித்த ஃபைல் ரேமில் கேஷாக, அதாவது தற்காலிக நகலாக, இருக்கும். இரண்டாவது அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். உண்மையில் கூடுவது சிபியு வேலையும் காத்திருக்கும் நேரமும். ரேம் குறைவாக இருந்து, எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்டு டிஸ்க் ஓடும் கம்ப்யூட்டரில் மட்டும் கேஷ் நிற்காமல் டிஸ்கும் சேர்ந்து திணறும். டாலி டேட்டா ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்திருக்கும் கடைகளில் என்ட்ரி போடும்போது தொங்குகிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதை.

மால்வேர்பைட்ஸ் மட்டும் ஏன் ஒத்துப்போகிறது

மால்வேர்பைட்ஸின் ரியல்-டைம் காவல் ஒவ்வொரு ஃபைலையும் திறக்கும்போதும் எழுதும்போதும் நிறுத்திப் பார்ப்பதில்லை. ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும் தருணத்தில்தான் அது குறுக்கே வரும். ஜிப்பை இறக்குவது, பென்டிரைவிலிருந்து காப்பி செய்வது, ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது எல்லாம் டிஃபெண்டரின் பாடு. உள்ளே இருக்கும் இஎக்ஸ்இ-யை டபுள் கிளிக் செய்தால் இரண்டும் பார்க்கும். மேலே சொன்ன இழுபறி நடக்கும் இடத்திலேயே ஒன்று இல்லாததால் முட்டல் வெகுவாகக் குறைகிறது.

பிரீமியத்தில் நான்கு சுவிட்சுகள் உண்டு: வெப், மால்வேர், ரான்சம்வேர், எக்ஸ்ப்ளாய்ட். இவற்றில் டிஃபெண்டருக்கு மேல் உண்மையிலேயே எதையாவது கூட்டுவது வெப் பாதுகாப்பு. டிஃபெண்டரின் ஸ்மார்ட்ஸ்கிரீன் வலைத்தள எச்சரிக்கை எட்ஜ் பிரவுசரில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ பயன்படுத்துகிறவருக்கு அவற்றின் சொந்தப் பாதுகாப்பு மட்டும். மால்வேர்பைட்ஸின் வெப் பகுதி நெட்வொர்க் அடுக்கில் இருந்துகொண்டு, பிரவுசர் மட்டுமல்லாமல் எந்த புரோகிராம் மோசமான முகவரிக்குப் போனாலும் தடுக்கும். விளம்பரம் காட்டும் டூல்பார், "டிரைவர் அப்டேட்டர்", "பிசி கிளீனர்" வகையறாக்கள் மீது அதன் மால்வேர் பகுதி டிஃபெண்டரை விடக் கறாராக இருக்கும். இந்த இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் தரலாம்.

மீதி இரண்டும் சுமார். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிரான காவலுக்கு இணையாக டிஃபெண்டரிலேயே 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கிறது. ஆனால் அது ஆரம்பத்தில் ஆஃபாக இருக்கும், நாம்தான் போட வேண்டும். புரோகிராம்களின் ஓட்டை வழியாக வரும் தாக்குதலைத் தடுக்கும் எக்ஸ்ப்ளாய்ட் பகுதி பிரவுசர், ஆபீஸ், பிடிஎஃப் ரீடர் போன்றவற்றுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் மூன்றாவது ஒன்று, உதாரணமாக ஹிட்மேன்புரோ அலர்ட், கூட இருந்தால் பிரவுசர் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். அதற்கு மருந்து ஒன்றில் அந்தச் சுவிட்சை அணைப்பதுதான்.

அது செய்யாததையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் டாக்குமென்ட், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற ஃபைல்களில் இருக்கும் வைரஸை அதன் அடையாளக் குறியை (சிக்னேச்சர்) வைத்துப் பிடிப்பது அதன் பலம் அல்ல. ஆகவே டிஃபெண்டரைத் தள்ளிவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படி நடந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதைத்தான் அடுத்து பார்க்கிறோம்.

செட்டப்: கவனிக்க வேண்டிய ஒரே சுவிட்ச்

விண்டோஸ் செக்யூரிட்டி சென்டர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. வெளி ஆன்டிவைரஸ் ஒன்று அதில் தன்னைப் பதிந்தவுடன், வீட்டு விண்டோஸில் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். இரண்டு முழு ஆன்டிவைரஸ் மோதாமல் இருக்க மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் மால்வேர்பைட்ஸும் இன்ஸ்டால் ஆனதும் தன்னைப் பதிந்துகொள்ளலாம். அப்போது டிஃபெண்டர் போய்விடும். நீங்கள் "இரண்டு ஓடுகிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஓடுவது ஒன்றுதான். டிஃபெண்டரோடு கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸும் அணைந்துவிடும், ஏனென்றால் அது டிஃபெண்டரின் ரியல்-டைம் காவல் ஓடினால்தான் ஓடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பழைய ஆன்டிவைரஸ்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் போதாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் என்பது கெர்னலை அப்படியே டிஸ்கில் உறங்க வைப்பது. ஆன் செய்ததும் பழைய டிரைவர்களோடு எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையான மூடித் திறத்தல்.

பிறகு மால்வேர்பைட்ஸை இன்ஸ்டால் செய்து, அதன் செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி சென்டர் பற்றிய பகுதியைத் தேடுங்கள். மால்வேர்பைட்ஸை எப்போதும் அங்கே பதிந்துவை என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். மறுபடி ரீஸ்டார்ட்.

வேலை நடந்ததா என்று பார்க்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' பக்கத்தில் டிஃபெண்டரின் பெயரும் ரியல்-டைம் சுவிட்சும் தெரிய வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, Get-MpComputerStatus என்பதை இடைவெளி இல்லாமல் அடியுங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் 'ஏஎம் ரன்னிங் மோட்' என்ற வரியில் 'நார்மல்' என்றும், 'ரியல் டைம் புரொடெக்ஷன் எனேபிள்டு' என்ற வரியில் 'ட்ரூ' என்றும் இருந்தால் டிஃபெண்டர் முழுதாக ஓடுகிறது. 'பாஸிவ்' என்ற சொல் எங்காவது வந்தால் அது காவலில் இல்லை.

கடைசியாக ஐகார் சோதனை. ஆன்டிவைரஸ்களைச் சோதிக்கவென்றே உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட 68 எழுத்துள்ள ஒரு வரி அது; வைரஸ் அல்ல, எந்தத் தீங்கும் செய்யாது. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அதை எடுத்து நோட்பேடில் ஒட்டி சேவ் செய்யுங்கள். டிஃபெண்டரிடமிருந்து ஒரு எச்சரிக்கை வந்து, ஃபைல் மறைந்தால் சரி. எதுவுமே வராவிட்டால் மேலே சொன்ன சுவிட்ச் இன்னும் ஆனில் இருக்கிறது என்று பொருள்.

எக்ஸ்க்ளூஷன் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆன்டிவைரஸ் என்றாலே ஒன்றில் மற்றதை விலக்கி வை என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஜோடிக்கு எடுத்த எடுப்பில் அது தேவையில்லை. கம்ப்யூட்டர் இழுத்தால் மட்டும் டிஃபெண்டரில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் மால்வேர்பைட்ஸ் ஃபோல்டரையும், புரோகிராம்டேட்டாவில் அதன் சர்வீஸ் ஃபோல்டரையும் விலக்குங்கள். மால்வேர்பைட்ஸின் 'அலௌ லிஸ்ட்'டில் டிஃபெண்டரின் ஃபோல்டரைச் சேர்ப்பதானால், வெர்ஷன் எண் உள்ள உள்ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள். டிஃபெண்டர் தன் பிளாட்ஃபார்மைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த எண் மாறும். 'பிளாட்ஃபார்ம்' என்ற மேல்ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். டிஃபெண்டரில் 'பிராசஸ்' என்ற வகையில் விலக்கினால், அந்த புரோகிராம் திறக்கும் ஃபைல்கள்தான் விலக்கப்படும். அந்த புரோகிராம் ஃபைலே விலக்கப்படாது. நிறைய பேர் குழம்பும் இடம் இது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ முழு சி டிரைவையோ விலக்குகிறவர்கள் இரண்டு ஆன்டிவைரஸையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடலாம், பலன் ஒன்றுதான்.

ஸ்கேன் நேரங்களைப் பிரித்து வையுங்கள். டிஃபெண்டர் பொதுவாக விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு நேரத்தில், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது குவிக் ஸ்கேன் போடும். ஸ்கேனின் போது சிபியு சராசரியாக 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அதன் இயல்பு அமைப்பு. மால்வேர்பைட்ஸ் ஸ்கேனை மதிய உணவு நேரம் மாதிரி ஒன்றுக்கு மாற்றுங்கள். அதில் 'ரூட்கிட்' என்ற, விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளும் மால்வேரைத் தேடும் வசதி ஆரம்பத்தில் ஆஃபில் இருக்கும்; ஆன் செய்தால் ஸ்கேன் நீளும். சந்தேகம் வந்த அன்று மட்டும் போட்டால் போதும்.

தினசரி ஓட்டத்தில்

8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள கம்ப்யூட்டரில் வேகக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. புதிய புரோகிராமை முதல்முறை திறக்கும்போது ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். பெரிய தொல்லை வேறு இரண்டு.

முதலாவது நச்சரிப்பு. டிஃபெண்டர் எதையும் விற்காது. மால்வேர்பைட்ஸின் 14 நாள் டிரையலிலும், அது முடிந்த பிறகும் பிரீமியம் வாங்கு, விபிஎன் வாங்கு என்று அறிவிப்பு வரும். நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில் போய்க் குறைக்கலாம்.

இரண்டாவது, தவறான எச்சரிக்கை. ஆன்டிவைரஸைக் கூட்டும்போது பிடிக்கும் திறன் கொஞ்சம்தான் கூடும், ஏனென்றால் பெரும்பாலான வைரஸ்களை இரண்டுமே அறியும். தப்பாகப் பிடிப்பதோ அப்படியே கூட்டலாகச் சேரும், ஏனென்றால் இரண்டும் ஒரே தப்பைச் செய்வதில்லை. 2022 செப்டம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத ஆரம்பத்தில் டிஃபெண்டர் குரோம் போன்ற புரோகிராம்களை 'ஹைவ்' என்ற மால்வேராக நினைத்து எச்சரித்துக்கொண்டே இருந்தது. அதே மாதம் 21-ஆம் தேதி மால்வேர்பைட்ஸ் கூகுள் தளங்களையே தடுத்தது. இரண்டும் வைத்திருந்தவருக்கு இரண்டு தொல்லையும் கிடைத்தது. 2018 ஜனவரி 27-இல் வந்த ஒரு மால்வேர்பைட்ஸ் அப்டேட் ரேமையும் சிபியுவையும் விழுங்கி கம்ப்யூட்டர்களை நிறுத்தியதும் உண்டு. உடனே திருத்தம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே 2018 ஜனவரியில் நடந்த இன்னொன்று, இரண்டு ஆன்டிவைரஸ்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மெல்ட்டவுன் என்ற சிபியு ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட், கெர்னல் மெமரியை முறையற்ற வழியில் தொடும் ஆன்டிவைரஸ் இருந்தால் நீலத் திரை தரும் என்று தெரிந்தது. ஆகவே ஆன்டிவைரஸ் நிறுவனமே விண்டோஸின் அமைப்புகள் சேரும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறியை வைத்து "எனக்குப் பிரச்சினை இல்லை" என்று சொன்னால்தான் அப்டேட் வரும் என்று அப்போது ஏற்பாடு செய்தார்கள். அந்தக் குறி கம்ப்யூட்டர் முழுவதற்கும் ஒன்றுதான். நல்ல ஆன்டிவைரஸ் குறியை வைத்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் மற்றதற்கும் சேர்த்தே உத்தரவாதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விண்டோஸின் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பொதுவாக ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆன்டிவைரஸ் என்ற கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

எச்டிடிபிஎஸ் சோதனை இன்னொரு சிக்கல். காஸ்பர்ஸ்கை, அவாஸ்ட், பிட்டிஃபெண்டர் போன்றவை பூட்டிய வலைப்போக்கைப் பிரித்துப் பார்க்கத் தங்கள் சொந்த ரூட் சான்றிதழை விண்டோஸில் வைக்கும். இரண்டு பேர் அப்படிச் செய்தால் ஒருவர் போட்ட சான்றிதழை மற்றவர் நம்பாமல், வங்கித் தளம் கூடத் திறக்காது. ஒன்றே ஒன்று இருக்கும்போதே இது சிக்கலாகும்: 2019 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் 65 வெளியீட்டை, அவாஸ்ட், ஏவிஜி உள்ள கம்ப்யூட்டர்களில் சான்றிதழ்ப் பிழை வந்ததால் மொசில்லா தற்காலிகமாக நிறுத்தியது. மால்வேர்பைட்ஸ், டிஃபெண்டர் இரண்டும் இந்த வழிக்குப் போகாததால் இந்த ஜோடியில் அந்தத் தலைவலி இல்லை.

சரி, அவாஸ்ட்டும் ஏவிஜியும் சேர்த்துப் போட்டால்? ஏவிஜியை அவாஸ்ட் 2016-இலேயே வாங்கிவிட்டது. உள்ளே என்ஜின் ஒன்றுதான். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். இரண்டு பேரிடம் கருத்துக் கேட்பதாக நினைத்து ஒருவரிடமே இரண்டு முறை கேட்பதற்குக் காசு வேறு.

சர்வரில் வேறு கதை

விண்டோஸ் சர்வரில் செக்யூரிட்டி சென்டர் கிடையாது. ஆகவே வெளி ஆன்டிவைரஸ் போட்டாலும் டிஃபெண்டர் தானாக ஒதுங்காது. சர்வர் 2016, 2019 என்று டிஃபெண்டரோடு வரும் பதிப்புகளில், மேலே கட்டண ஆன்டிவைரஸ் ஏற்றிவிட்டு "சர்வர் ஸ்லோ" என்று புலம்பும் அலுவலகங்களில் பெரும்பாலும் இரண்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வெளி ஆன்டிவைரஸைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், சர்வர் மேனேஜரில் 'ரிமூவ் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' வழியாக டிஃபெண்டரை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வதுதான் சுத்தமான வழி. ரெஜிஸ்ட்ரியில் டிஃபெண்டரை அணைக்கும் பழைய குறுக்குவழியை நம்ப வேண்டாம். 2020 ஆகஸ்டிலிருந்து டெஸ்க்டாப் விண்டோஸில் டிஃபெண்டர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

மாட்டிக்கொண்டால் வெளியே வருவது

இரண்டு முழு ஆன்டிவைரஸ் ஏற்றி விண்டோஸே எழாத நிலை என்றால், பூட் ஆகும்போது இரண்டு மூன்று முறை பவர் பட்டனால் அணைத்தால் ரிப்பேர் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். வழியில் 48 இலக்க பிட்லாக்கர் ரிகவரி கீ கேட்கலாம். விண்டோஸ் 11 ஹோம் லேப்டாப்களிலும் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது இப்போது சாதாரணம். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். இந்த விஷப்பரீட்சைக்கு முன்பே அதை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சேஃப் மோடில் கன்ட்ரோல் பேனல் வழியாக அன்இன்ஸ்டால் செய்யப் போனால் பல சமயம் பிழை வரும், ஏனென்றால் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே ஓடாது. அதற்குத்தான் நிறுவனங்கள் தனி நீக்கக் கருவி தருகின்றன: மெக்காஃபிக்கு எம்சிபிஆர், காஸ்பர்ஸ்கைக்கு கேஏவி ரிமூவர், அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், ஈசெட்டுக்கு ஈசெட் அன்இன்ஸ்டாலர். அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "ஆன்டிவைரஸ் ரிமூவர்" என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் நல்லதில்லை.

அரைகுறையாக எடுத்த ஆன்டிவைரஸ் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். புரோகிராம் போயிருக்கும், ஆனால் செக்யூரிட்டி சென்டரில் அதன் பதிவு மட்டும் "ஆன்" என்று நிற்கும். விண்டோஸ் அதை நம்பி டிஃபெண்டரை எழுப்பாது. இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருந்தவர் ஒன்றுகூட இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்ற இடத்தில் போன பெயர் இன்னும் தெரிந்தால் அதே நீக்கக் கருவியை மறுபடி ஓட்ட வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறும்போது சி1900101 என்ற எண்ணோடு அப்கிரேட் திரும்பிப் போவதற்கும் இப்படிப்பட்ட மிச்ச டிரைவர் ஒரு காரணம்.

காசு கொடுப்பதா?

குரோமில் கண்டதையும் கிளிக் செய்யும் பிள்ளைகள், அல்லது எதற்கும் "யெஸ்" தட்டும் பெரியவர்கள் உள்ள வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் மால்வேர்பைட்ஸ் பிரீமியத்தைப் பரிந்துரைக்கலாம், அதுவும் அதன் வெப் பாதுகாப்புக்காக. மற்றவர்களுக்கு இலவசப் பதிப்பு போதும். 14 நாள் டிரையல் முடிந்ததும் அது ரியல்-டைமை விட்டுவிட்டு, நாம் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் கருவியாக மாறிவிடும். டிரையலின் போது டிஃபெண்டர் அணைந்து, பிறகு தானாக எழுந்தால் பயப்பட வேண்டாம். ஆன்டிவைரஸ்களுக்கு மதிப்பெண் போடும் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சோதனைகளில் டிஃபெண்டர் சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் 18-க்கு 18 அல்லது அதை ஒட்டி வாங்குகிறது. அதன் கூட இன்னொரு காவலாளிக்கான இடம் சின்னது.

விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள் அந்தக் காசை ஆன்டிவைரஸில் போடவே வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஓடு அதன் சாதாரண ஆதரவு முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை வரும் என்றாலும், சிஸ்டத்தில் விழும் ஓட்டையை எத்தனை ஆன்டிவைரஸும் அடைக்காது.

இரண்டு என்ஜின் கட்டாயம் வேண்டும் என்கிறவர்களுக்கு எம்சிசாஃப்ட், ஜி டேட்டா இரண்டும் இருக்கின்றன. தங்கள் சொந்த என்ஜினோடு பிட்டிஃபெண்டர் என்ஜினையும் ஒரே டிரைவருக்குப் பின்னால் வைத்து ஓட்டுபவை, ஆகவே உள்சண்டை இல்லை. அவற்றைப் போட்டால் டிஃபெண்டர் ஒதுங்கும். வேண்டுமானால் டிஃபெண்டர் ஆப்ஷன்ஸில் 'பீரியாடிக் ஸ்கேனிங்'கை ஆன் செய்து, ரியல்-டைம் இல்லாமல் அவ்வப்போது மட்டும் ஸ்கேன் செய்ய வைக்கலாம். சந்தேகம் வந்த அன்று இன்னொரு கண் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர், ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர், எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் எல்லாம் இலவசம். சேஃப்டி ஸ்கேனரை மட்டும் இறக்கி வைத்துவிட்டு அடுத்த மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், புதிதாகத்தான் இறக்க வேண்டும்.